இறங்கலாம் என்று சொன்ன செயலி

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டபோது, "நான் செருப்பு வீசின கதையை எழுதட்டுமா?" என்றுதான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற ஏதாவது நல்லதா இருக்கா மேடம்?" என்றார். இல்லை. முப்பது வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியதில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான். ஆகவே படியுங்கள். நடுவில் போனைப் பார்க்கிறவர்கள் இப்போதே பார்த்து முடித்துவிட்டு வரலாம்.

நெட் இல்லாத இடத்திலும் ஓடுகிற வலைச்செயலிகளைச் செய்வது உங்கள் பிழைப்பு. என் பிழைப்பும் அதுதான். வாயால் சொன்னால் சுலபம். தகவலைப் போனிலேயே சேமித்து வை. நெட் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பு, மற்றவர்கள் போட்டதை அங்கிருந்து வாங்கிக்கொள். அதை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன மாதம் உங்களில் ஒருவர் தான் எழுதியதை எனக்குக் காட்டினார். பாதி புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் பலமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அதனால் பாடமெல்லாம் நடத்தப் போவதில்லை. ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு யார்டு. பெயர் எதற்கு. டேங்க் கன்டெய்னர் பார்த்திருப்பீர்கள், லாரியின் முதுகில் இரும்புச் சட்டத்துக்குள் படுத்துக்கொண்டு போகுமே, பெரிய உருளை. எண்ணெய், அமிலம், பெயின்டில் கலக்கிற திரவம் என்று என்னென்னவோ அதில் கப்பலில் வரும். சரக்கை இறக்கிய பிறகு காலி டேங்கைக் கழுவுவதற்கு இந்த யார்டுக்குக் கொண்டுவருவார்கள். நீராவி அடிப்பார்கள், காற்று ஊதுவார்கள். அப்படியும் உள்ளே கசடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஓர் ஆள் இறங்கித் துடைத்தால்தான் போகும். டேங்கின் மேலே ஒரு வட்ட வாய் இருக்கும். தோளைக் குறுக்கிக்கொண்டுதான் அதில் இறங்க முடியும். உள்ளே விஷக்காற்று மிச்சம் இருந்தால் இறங்கியவருக்குக் கத்தக்கூட நேரம் கிடைக்காது. அதனால் முதலில் ஒருவர் கேஸ் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து, இறங்கலாம் அல்லது கூடாது என்று சொல்ல வேண்டும். அந்த யார்டில் எல்லா வேலையும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கும்.

அங்கே மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். மீட்டர் பார்ப்பவர் செல்வம். திருவொற்றியூர்க்காரர், ஐம்பது வயது, ஒருநாளும் தாமதமாக வராதவர் என்று யார்டு முழுக்கப் பேர் வாங்கியவர். அடுத்து ரஷீதா, பாதுகாப்பு அதிகாரி. பழைய வண்ணாரப்பேட்டைப் பெண், வேதியியல் படித்தவர். செல்வம் பார்த்துவிட்டுப் போன டேங்குகளைத் தன் மீட்டரை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு தரம் பார்ப்பார். மூன்றாவது ஆள் காசி. டேங்குக்குள் இறங்குகிறவர். காத்திவாக்கத்தில் கடலுக்குப் போகிற குடும்பம். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அண்ணன் தம்பி அல்லாரும் போறானுங்க மேடம். எனக்கு மட்டும் போட்ல கால வெச்சா வாந்தி வருது. இந்த டேங்கு ஒரே எடத்துல நிக்குது பாரு, அதான் சோக்கா கீது" என்றார்.

முதல் தரம் நான் போனபோது அங்கே எல்லாம் சாக்பீஸில் நடந்துகொண்டிருந்தது. செல்வம் மீட்டர் பார்த்துவிட்டு டேங்கின் உடம்பிலேயே ஒரு டிக் போட்டு நேரத்தை எழுதுவார். ரஷீதா வந்து பார்ப்பார். சரியில்லை என்றால் டிக்கைக் கையால் அழித்துவிட்டுப் பெரிய பெருக்கல் குறி போடுவார். மழை வந்தால் எல்லாம் போச்சு. செல்வத்தின் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கும். பார்த்துவிட்டு நான் சிரித்தேன். இதையெல்லாம் போனில் கொண்டுவந்துவிடலாம் என்று யார்டு முதலாளியிடம் மார்தட்டினேன். ராயபுரத்தில் ஒரு மாடியில் நாலு பேராக உட்கார்ந்திருந்த எங்கள் கம்பெனிக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை அது.

சிக்கல் என்னவென்றால், இரும்பு டேங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வரிசைகளுக்கு நடுவில் போனுக்குச் சுத்தமாக நெட் வராது. வாசல் பக்கம் ஆபீஸ் கட்டடத்துக்கு அருகில்தான் வரும். ஆகவே ஒவ்வொருவர் போனிலும் தகவல் சேமிக்கப்படும். ஆபீஸ் பக்கம் வரும்போது போன்கள் தாமாகவே அனுப்ப வேண்டியதை அனுப்பி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளும். டேங்க் நம்பரைத் தட்டினால் பச்சையில் "இறங்கலாம்" அல்லது சிவப்பில் "இறங்கக் கூடாது" என்று வரும். எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தேன், கண்ணாடி போடாமல் படிக்கலாம்.

ஒரே டேங்குக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் போட்டால் என்ன செய்வது? கடைசியாகப் போட்டது எதுவோ அதுதான் செல்லும் என்று எழுதினேன். யாருக்கும் நியாயமாகத்தான் படும். எது கடைசி என்று எப்படித் தெரியும்? போட்டவருடைய போனின் கடிகாரத்தைப் பார்த்து. ஆறு போன்களை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சோதித்தோம். நெட்டை அணைத்தோம், போட்டோம், மாற்றிப் போட்டோம். ஒரு தரம்கூடத் தப்பவில்லை. எங்கள் மேஜைமேல் இருந்தவை எல்லாம் ரொம்ப ஒழுக்கமான போன்கள்.

நாலு மாதம் கழித்துத் தொடக்க நாள் வந்தது. யார்டு முதலாளி நாலைந்து விருந்தாளிகளை அழைத்துவந்திருந்தார். ஆபீஸில் எல்லா டேங்கின் நிறத்தையும் காட்டுகிற பெரிய திரை, அதற்குச் சாமந்தி மாலை, தட்டு நிறைய லட்டு. எங்கள் பாஸ் புதுச்சட்டை போட்டிருந்தார். நான் பட்டுப்புடவை. போதாக்குறைக்கு எல்லாரும் பார்க்க, "இனிமே சாக்பீஸ் வேணாம், யாரும் டேங்க்மேல எழுதக் கூடாது" என்று அறிவித்துவிட்டு, சாக்பீஸ் டப்பாவை வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது கவனமாகப் படியுங்கள். பத்து முப்பத்தைந்துக்கு, ஏழாம் வரிசையில் இருந்த ஒரு டேங்கைச் செல்வம் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "இறங்கலாம்" என்று போட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் வந்தார். தகவல் சர்வருக்குப் போனது. பத்தே முக்காலுக்குக் காசி டீ குடிக்க ஆபீஸ் பக்கம் வந்தார். அவர் போனுக்குப் பச்சை வந்தது. டீ டம்ளரை வைத்துவிட்டு, கயிறு, வாளி, துணியெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் இன்னும் அந்த டேங்குக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் பத்து ஐம்பதுக்கு ரஷீதா வேறு வழியாக அங்கே போய், தன் மீட்டரை உள்ளே விட்டார். மீட்டர் கத்தியது. அடிவால்வுக்குள் மாட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் கசடு, வெயில் ஏறி இரும்பு சூடானதும் ஆவி விட ஆரம்பித்திருக்கிறது. செல்வம் பார்த்ததும் தப்பில்லை, ரஷீதா பார்த்ததும் தப்பில்லை. ரஷீதா சாக்பீஸுக்காகப் பையில் கைவிட்டிருக்கிறார். இல்லை. அது என் கைப்பையில் இருக்கிறது. சரியென்று போனில் "இறங்கக் கூடாது" என்று போட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தார்.

வந்து திரையைப் பார்த்தவர் என் அருகில் வந்து மெதுவாக, "மேடம், ஏழாம் வரிசை டேங்குக்கு நான் செவப்பு போட்டேன். இங்க பச்சையாவே இருக்கே" என்றார்.

"வந்துடும், ரெண்டு நிமிஷம் ஆகும்" என்றேன்.

இந்த இடத்தை மட்டும் நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு மீட்டர் கத்தியதைக் காதால் கேட்டுவிட்டு வந்து நிற்கிறார். நான் என் செயலியை நம்பி அவரைக் காத்திருக்கச் சொல்கிறேன். முதலாளி பக்கத்திலேயே விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

ரஷீதா விடவில்லை. தன் போனைக் காட்டினார். அனுப்பியாகிவிட்டது என்று இருந்தது. அப்படியானால் சர்வருக்கு வந்திருக்கிறது. வந்தும் திரையில் பச்சைதான். அந்த டேங்கைத் தட்டி உள்விவரத்தைத் திறந்தேன். செல்வம், இறங்கலாம், நேரம் பதினொன்று ஐந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பத்தெட்டு.

இன்னும் வராத நேரத்தில் செல்வம் ஒரு டேங்கைப் பார்த்திருக்கிறார். அவர் போன் அரைமணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பத்து முப்பத்தைந்துக்குப் போட்டதைப் பதினொன்று ஐந்துக்குப் போட்டதாக அது சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னால் ரஷீதாவின் பத்து ஐம்பது எப்படிச் செல்லுபடியாகும்? கடைசியாகப் போட்டதுதான் செல்லும் என்று செயலிக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே.

"காசி எங்கே?" என்றேன்.

"அங்கதான் போயிருப்பாரு" என்றார் ரஷீதா. காசிக்குப் போன் போட்டார். அந்த வரிசைகளுக்குள் எந்தப் போன் அடித்திருக்கிறது? ஓடிப்போய்ச் சைரன் பொத்தானை அழுத்தினார். யார்டே அதிர ஊதியது. ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த யார்டில் தினமும் பதினொரு மணிக்குச் சைரனைச் சோதனைக்காக ஊதுவார்கள். கிரேன் ஓட்டுபவர் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

அதற்குள் நான் ஓட ஆரம்பித்திருந்தேன். ஐம்பத்து மூன்று வயது, பட்டுப்புடவை, முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிற உடம்பு. செயலிக்காக யார்டின் வரைபடத்தை நான்தான் போட்டேன், அதனால் ஏழாம் வரிசைக்குக் குறுக்கு வழி தெரியும். ரஷீதா மீட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று கத்தியது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காசி டேங்க் உச்சியில் இருந்தார். வட்ட வாயின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டிருந்தார். இடுப்பில் கயிறு. கயிற்றைப் பிடிப்பவர் அவருக்குப் பின்னால் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து டேங்கில் நீராவி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஏணி டேங்கின் அந்தக் கோடியில் இருந்தது. ஏறிப் போகிற நேரத்தில் அவர் இறங்கிவிடுவார். காசி இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி உடம்பைத் தூக்கினார்.

வலது கால் செருப்பைக் கழற்றி வீசினேன். அது டேங்குக்கு அடியில் போய் விழுந்தது. இடது கால் செருப்பைக் கழற்றினேன். பள்ளிக்கூடத்தில் குண்டு எறிதலில் பரிசு வாங்கியவள் என்றெல்லாம் நினைக்காதீர்கள், வாழ்க்கையில் நான் ஒழுங்காக எறிந்தது அந்த ஒன்றைத்தான். நடுமுதுகில் போய் விழுந்தது.

காசி திரும்பினார். கீழே நான் வெறுங்காலுடன், தலைமுடி கலைந்து, இரண்டு கையையும் விரித்து ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டேங்க் வாயிலிருந்து காலை எடுத்துவிட்டு, எழுந்து நின்று, விடுவிடுவென்று ஏணியில் இறங்கி வந்தார்.

"இன்னா மேடம், படிச்சவங்கதான நீ? செருப்பத் தூக்கி அடிக்கிற? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

எனக்கு மூச்சு வாங்கியது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். விட்டால் திரும்ப ஏறிவிடுவாரோ என்று பயம்.

"கைய எடு மேடம். அல்லாரும் பாத்துகினு கீறாங்க."

அதற்குள் ரஷீதா வந்துவிட்டார். நேராக ஏணியில் ஏறி, மீட்டர் குழாயை டேங்க் வாய்க்குள் விட்டார். அது கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. காசி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெதுவாகத் தரையில் குந்தினார். நானும் பக்கத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காசிதான் முதலில் பேசினார். "இன்னொரு செருப்பு டேங்குக்கு அடில கீது. எடுத்தாரட்டா?"

எங்கள் பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். முதலாளி, விருந்தாளிகள், எங்கள் பாஸ், செல்வம், கையில் பாதி லட்டோடு ஒருவர். என்ன நடந்தது என்று ரஷீதா இரண்டே வாக்கியத்தில் சொன்னார். முதலாளி நேராகச் செல்வத்திடம் போனார். "ஏன்யா போன்ல டைம மாத்தி வெச்ச?"

செல்வத்துக்கு முதலில் புரியவே இல்லை. "அது எப்பவும் அரைமணி முன்னாடிதான் சார் ஓடும். எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க வரிச கட்டி நின்னுச்சின்னா தாண்டி வர்றதுக்கே அரைமணி ஆவுது. அதான் வூட்ல சுவத்து கடியாரம், கைல கட்றது, போனு, அல்லாத்தியும் முன்னாடி வெச்சிகினு கீறேன். இருவது வருசத்துல ஒருநாளு நான் லேட்டா வந்து பாத்துகிறீங்களா சார்?"

"உன் போன் இன்னிக்கு ஒரு உயிர வாங்கியிருக்கும்யா" என்றார் முதலாளி. செல்வம் காசியின் பக்கம் திரும்பினார். காசியும் அவரும் தினம் ஒரே பாத்திரத்தில் சோறு சாப்பிடுகிறவர்கள். அவர் காசியைப் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் பாஸ் எனக்குக் கண்ஜாடை காட்டினார். பேசாமல் இரு, பழி அதுவாகவே அந்தப் பக்கம் போகிறது என்று அர்த்தம். அதில் கணக்கு இருந்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். செல்வத்தை அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள், எங்கள் கம்பெனியின் பெயர் தப்பியிருக்கும். அந்தக் கண்ஜாடை உங்களுக்கும் ஒருநாள் வரும். எந்த ரூபத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

"சார், கடியாரம் அவரோடது. அவர் இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம்" என்றேன். "அதப் பாத்து முடிவெடுன்னு ஆப்புக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னோடது."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தேன். "சரி பண்ண முடியுமா, முடியாதா?" என்றார். முடியும் என்றேன். "பண்ணு. அதுவரைக்கும் அத ஓட்டாத" என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பாஸ் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். வேறு வழி?

அங்கேயே நான் காசிக்கும் செல்வத்துக்கும் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். இனிமேல் செயலி யாருடைய கடிகாரத்தையும் நம்பாது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், யார் எப்போது சொன்னார்கள் என்ற பேச்சே கிடையாது, சிவப்புதான் செல்லும். இதைச் சொல்லி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டதல்லவா.

காசி சட்டையில் கை துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஒன்னு கேக்கட்டா மேடம்? நான் டீ குடிச்சிட்டு உள்ள வந்துட்டேன். இங்க நெட்டு கெடையாது. அப்பால அந்தம்மா செவப்பு போட்டது என் போனுக்கு எப்டி வரும்?"

"வராது" என்றேன்.

"அப்ப உன் ஆப்பு நல்லா கீற அன்னிக்கும் என் போன்ல இன்னா காட்டும்?"

பச்சைதான் காட்டும். செல்வத்தின் கடிகாரம் சரியாகவே இருந்திருந்தாலும், சர்வரில் சிவப்பு வந்திருந்தாலும், காசியின் போனில் பச்சைதான் இருந்திருக்கும். ரஷீதா திரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டார். திரையில் சிவப்பு, நான் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், காசி இறங்கியிருப்பார். அந்தக் கடிகாரம் தப்பாக ஓடியதால்தான் அவர் அன்றைக்குப் பிழைத்தார். நாலு மாதத்தில் நான் யோசிக்காததை, தொழில் தெரிந்த மனிதர் தரையில் குந்திக்கொண்டு ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டார்.

நாங்கள் மறுபடி மூன்று வாரம் உட்கார்ந்தோம். முதலில் "இறங்கலாம்" என்ற வார்த்தையைத் தூக்கினேன். போனுக்குள் சேமித்து வைத்த எதற்கும் அந்த வார்த்தையைச் சொல்கிற யோக்கியதை கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், செல்வம் இத்தனை நிமிடத்துக்கு முன்னால் பார்த்தபோது சுத்தமாக இருந்தது என்பது மட்டும்தான். அதை மட்டும் சொல்ல வைத்தேன். எத்தனை நிமிடம் என்பதை அந்தந்தப் போனே எண்ணிக்கொள்ளும். அரைமணி முன்னால் ஓடுகிற கடிகாரத்திலும் பத்து நிமிடம் என்பது பத்து நிமிடம்தான். குறிப்பிட்ட நேரம் தாண்டினால், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பச்சை தானாகச் சாம்பல் நிறமாகிவிடும். இறங்குவதற்கு முன் மீட்டர் பார்த்தவர் டேங்க் வாயிலேயே நிற்க வேண்டும். அவர் போனில் ஒரு நாலு இலக்க எண் வரும். அதை அவர் வாயால் சொல்ல, இறங்குகிறவர் தன் போனில் போட வேண்டும். இதற்கு நெட் தேவையில்லை, இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் போதும். செல்வத்தின் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. சாக்பீஸ் டப்பாவையும் கொண்டுபோய் ரஷீதாவிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கொறையுது மேடம்" என்றார்.

இரண்டாம் தரம் மாலையும் இல்லை, லட்டும் இல்லை. திரையைப் பார்க்க விருந்தாளிகளும் வரவில்லை. செல்வம் மீட்டர் பார்த்தார், ரஷீதா பார்த்தார், டேங்க்மேல் டிக் போட்டார்கள், போனிலும் போட்டார்கள். காசி கயிற்றைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் மேல வா."

"நான் எதுக்கு காசி?"

"நீ எழுதின ஆப்ப நம்பி நான் எறங்குறேன். நான் எறங்கறத நீ பாக்க வாணாமா?"

யாரோ ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்தார்கள். ஏணியில் ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால், நான் திரையில் ஒரு சின்ன வட்டமாக வரைந்திருந்த அந்த வாய் நிஜத்தில் அவ்வளவு இருட்டாக இருந்தது. செல்வம் அந்த நாலு இலக்கத்தைச் சொன்னார். காசி போட்டார். போனை என் கையில் கொடுத்தார்.

"உள்ள போயிட்டா நான் கொரல் குடுத்துகினே இருப்பேன். மேல கீறவங்க பதில் சொல்லிகினே இருக்கணும். பதில் வரலன்னா நான் வேலைய உட்டுட்டு வந்துடுவேன். என் கொரல் வரலன்னா நீங்க கயிற இஸ்துடணும். அவ்ளோதான்."

தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்கினார். முதலில் தலை தெரிந்தது, பிறகு ஹெல்மெட் விளக்கு மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் வளைவுக்குப் பின்னால் போய்விட்டது. துணியால் இரும்பைத் துடைக்கிற சத்தம் கேட்டது. பழக்கதோஷம், கையில் இருந்த போனைக் குனிந்து பார்த்தேன். கயிறு பிடித்திருந்தவர், "போன உள்ள வை மேடம்" என்றார். வைத்துவிட்டேன்.

துடைக்கிற சத்தம் நின்றது.

"யக்கா, கீறியா?"

முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எப்போது முடியும், ஏன் மெதுவாக ஓடுகிறது, யார் தப்பு. இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "இருக்கேன்" என்றேன். குரல் எழும்பவில்லை.

"கேக்கல. சத்தமா சொல்லு."

விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த இருட்டைப் பார்த்துக் குனிந்து, "கீறேன் காசி, இங்கயேதான் கீறேன்" என்று கத்தினேன்.